நக்கோ என்றால் இல்லை அல்ல

போன மாதம் ஸ்வாதி வீட்டுக்கு வந்தாள். செகந்திராபாத்தில் நான் வேலை பார்த்த சுகாதார நிலையத்தில் இப்போது என் நாற்காலியில் உட்காருகிற பெண். தமிழ் வீட்டுப் பெண்தான். ஆனால் நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வாள். இந்த ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்த சிஸ்டர்களுக்கு ஒரு கூட்டம் நடக்கப்போகிறது, நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றாள். பேச்சோடு பேச்சாக, மாடி வீட்டுக் கர்ப்பிணிகளைப் பல சமயம் போனிலேயே விசாரித்துவிடுவதாகவும் சொன்னாள். "போன்லோ அடிகிதே சரிபோதுந்தி கதா மேடம்?" போனில் கேட்டால் போதுமே என்று சிரித்தாள். அவள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன்.

கூட்டத்துக்குப் போனேன். மற்றவர்கள் மேடையில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். நான் மேடைக்கு எத்தனை படி, கைப்பிடி எந்தப் பக்கம் என்று பார்த்தேன். மைக்கைக் கையில் கொடுத்ததும், தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் பேக் வைப்பதைப் பற்றிப் பேசினேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்தவுடன் வைக்கக்கூடாது, மேலே வேர்க்கும்வரை மேஜையில் வைத்திருந்து, காதோரம் ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் வைக்க வேண்டும் என்று சொன்னேன். கை தட்டினார்கள். ஒரு பொக்கேயும் கொடுத்தார்கள். சொல்ல வேண்டிய விஷயத்தை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் வசந்தா. வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. என் நர்ஸ் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்றரை வருடம், ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்தினோம், விடுதிச் சாம்பாரைத் திட்டினோம். இருபது வயதில் முட்டி என்று ஒன்று உடம்பில் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஐம்பதைத் தாண்டியதும் தெரிந்தது. முதலில் இடது முட்டி. தடுப்பூசிப் பெட்டியை வலது தோளில் மாட்டுவேன். அந்தக் கனம் எல்லாம் எப்படியோ இடது முட்டியில்தான் போய் இறங்கும். வீட்டில் அதை முட்டி என்பேன், என்னோடு வீடு வீடாக வரும் சுகாதாரத் தொண்டர், ஆஷா பணியாளர் யாதம்மாவிடம் மோகாளு என்பேன், பஸ்திக் குடியிருப்பில் உருது பேசுகிறவர்களிடம் குட்னா என்பேன். மூன்று பாஷையிலும் வலித்தது.

ஒரே ஆளிடம் மட்டும் எந்தப் பாஷையிலும் சொல்லவில்லை. அது எங்கள் டாக்டரம்மா.

ஏன் என்று கேட்கலாம். நான் ஒப்பந்தத்தில் இருந்தவள். வருடா வருடம் பட்டியல் வரும், அதில் பெயர் இருந்தால் அடுத்த வருடம் வேலை. கூட வேலை பார்த்த ஒருத்தி இடுப்பு வலி என்று எழுதிக் கொடுத்து, மாடி ஏறாத வேலையாகக் கேட்டாள். அடுத்த பட்டியலில் அவள் பெயர் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் பயம். அதற்குப் பிறகு எங்கள் நிலையத்தில் ஐம்பது தாண்டிய எவளுக்கும் எந்த வலியும் வரவில்லை.

வலியை மறைப்பதற்கென்று தனியாக ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். புடவைக்குள் முட்டிப் பட்டை. படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது கெட்ட கால் முன்னால். நடுவில் நின்றால் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துவிடுவார்களே, அதனால் போனை எடுத்து யாரிடமோ பேசுவதுபோல் நிற்பேன். பிறந்த குழந்தையை எடை பார்க்கத் தரையில் உட்கார வேண்டும்; உட்காருவது சுலபம். எழுந்திருக்கும்போது, "அம்மா, கொஞ்சம் சுடுதண்ணி" என்று வீட்டுக்காரியை உள்ளே அனுப்பிவிட்டு, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுவேன். எங்கள் நிலையத்துக் கழிப்பறை குந்தி உட்காருகிற வகை. அதற்குப் பயந்து காலையில் குடித்த காபியோடு மத்தியானம்வரை தண்ணீரே குடிக்கமாட்டேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள் நான்தான்.

டாக்டரம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஒல்லி, கண்ணாடி, எப்போதும் பருத்திப் புடவை. காலையில் வந்ததும் நோயாளிகளைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் பதிவேடுகளை எடுப்பார். ஒவ்வொரு வரிக்குக் கீழும் ஸ்கேலை வைத்து, வரி வரியாக நகர்த்திப் படிப்பார். சந்தேகம் வந்தால் ஸ்கேல் நிற்கும். தலையைத் தூக்காமலே கேட்பார்.

"சூசாரா? வின்னாரா?"

பார்த்தீர்களா, கேட்டீர்களா என்று அர்த்தம். பார்த்தேன் என்றால் ஸ்கேல் அடுத்த வரிக்கு நகரும். கேட்டேன் என்றால் அந்த வரியில் பச்சை மையால் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி வைத்த வீட்டுக்கு மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கத்த மாட்டார், திட்ட மாட்டார். அவர் கத்தியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்தப் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றும் சத்தத்துக்கே, எந்த வீட்டுப் படியை மறுபடியும் ஏற வேண்டும் என்று எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

இனி நஸ்ரீன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடி. அறுபத்தெட்டுப் படி. இருபத்திரண்டு வயது, தலைப் பிரசவம், எட்டாவது மாதம். மாமியாரோடு இருந்தாள். நான் போகும்போதெல்லாம் எனக்கு முன்னால் அவள் ஒரு குஷனை எடுத்து நாற்காலியில் போடுவாள். ஒரு தடவை நான் கட்டில் காலைப் பிடித்து எழுந்ததைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். அடுத்த தடவை என்னைத் தரையில் உட்கார விடவில்லை.

அந்த வாரம் அவளுக்கு பி.பி. கொஞ்சம் ஏறியிருந்தது. நூற்று முப்பதுக்கு எண்பத்தாறு. பாதத்துக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, எடுத்துப் பார்த்தேன். லேசாகக் குழி விழுந்து, கொஞ்ச நேரத்தில் நிரம்பியது. தலைவலி, கண்ணில் மின்னல் மாதிரி, மேல்வயிற்றில் வலி, இதில் எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்று அவளிடமும் மாமியாரிடமும் சொன்னேன். டாக்டரம்மா அந்த வரியில் ஸ்கேலை நிறுத்தி, "வாரம் தவறாமல் நீங்களே ஏறிப் பாருங்கள்" என்றார்.

அடுத்த வாரம் போலியோ சொட்டு மருந்து முகாம். மூன்று நாள் வீடு வீடாக ஏறி இறங்கினோம். நாலாவது நாள் காலையில் என் இடது முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அன்றைக்குத்தான் நஸ்ரீனைப் பார்க்கும் நாள். யாதம்மா அன்று லீவு.

சந்துக்குள் போய் அந்தப் படிக்கட்டின் அடியில் நின்றேன். நல்ல காலை முதல் படியில் வைத்தேன். கெட்ட காலை எடுக்க முடியவில்லை. நாலு படி ஏறி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, பின்பக்கமாகவே இறங்கினேன். வெளியே வந்து சந்தில் நின்று அண்ணாந்து கூப்பிட்டேன்.

"நஸ்ரீன்! ஓ நஸ்ரீன்!"

மேலே கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு துப்பட்டா தெரிந்தது. முகம் சரியாகத் தெரியவில்லை. ஆட்டோ சத்தம் வேறு. ஒரே மூச்சில் கத்திக் கேட்டேன்.

"சர் துக்தா க்யா? மைன் ஊபர் ஆவூன்?"

தலை வலிக்கிறதா, நான் மேலே வரட்டுமா என்று கேட்டேன். அவள் கையை ஆட்டினாள்.

"நக்கோ ஆன்ட்டி! நக்கோ, நக்கோ!"

இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், நக்கோ என்றால் வேண்டாம். இல்லை என்பதற்கு வேறு வார்த்தை இருக்கிறது, அது 'நை'. நான்கு தலைமுறையாக இங்கே இருக்கிற எங்கள் வீட்டில் தமிழோடு தமிழாக நக்கோவும் கலந்து கிடக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தில் நின்ற எனக்கு அது 'தலைவலி இல்லை' என்று கேட்டது. அப்படிக் கேட்க வேண்டும் என்று என் முட்டி ஆசைப்பட்டது.

நிலையத்துக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். தலைவலி: இல்லை. வீக்கம்: இல்லை. அடுத்த கட்டம் பி.பி. அதைக் காலியாக விட முடியாது. காலியாக விட்டால் ஸ்கேல் நிற்கும், ஏறவில்லை என்று தெரியும், ஏன் ஏறவில்லை என்று கேள்வி வரும். நூற்று இருபத்து நாலுக்கு எண்பது என்று எழுதினேன். முப்பத்தைந்து வருட வேலையில் நான் பார்க்காமல் எழுதிய முதல் எண் அது.

டாக்டரம்மாவின் ஸ்கேல் அந்த வரியில் நின்றது.

"சூசாரா?"

வின்னாரா என்று அவர் கேட்கும் முன்னால் முந்திக்கொண்டேன்.

"சூசானு மேடம்."

பார்த்தேன் என்று சொல்லிவிட்டேன். ஸ்கேல் உடனே நகரவில்லை. மாத்திரை இல்லாமல் ஒரே வாரத்தில் இப்படி இறங்குமா என்று அவர் யோசித்திருக்க வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்தார், நரைத்த தலையைப் பார்த்தார், ஸ்கேலை நகர்த்தினார். என்னை நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாத விஷயம்.

மறுநாள் காலை, வீட்டில். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து கேட்டேன்.

"ஏங்க, தலை வலிக்குதா? காபி போடட்டா?"

"நக்கோ" என்றார்.

நான் பாலை இறக்கி வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஏய், அந்தத் தலைவலி மாத்திரைய எங்க வச்ச?" என்று கேட்டார்.

"இப்பதான வலிக்கலன்னீங்க?"

"நான் எப்ப வலிக்கலன்னேன்? காபிதான் நக்கோன்னேன். ரெண்டு கேள்வி ஒண்ணா கேட்டா நான் இன்னா பண்றது?"

பால் பாத்திரத்தைப் பிடித்தபடியே நின்றேன். நேற்று நானும் இரண்டு கேள்வியை ஒன்றாகக் கேட்டேன். அவள் எதற்கு வேண்டாம் என்று சொன்னாள்? தலைவலிக்கு யாராவது வேண்டாம் என்பார்களா?

"இன்னாடி, ஏன் இப்படி வேர்க்குது?" என்று எழுந்து வந்தார்.

யாதம்மாவுக்குப் போன் போட்டு பி.பி. மெஷினோடு சந்துக்கு வரச் சொன்னேன். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் நூற்று இருபத்து நாலு, எண்பது, நூற்று இருபத்து நாலு, எண்பது என்று மனசு அதையே சொல்லிக்கொண்டிருந்தது. வேண்டாத தெய்வமில்லை. அந்த எண் உண்மையாகவே இருந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

படிக்கட்டைப் பார்த்ததும் யாதம்மா என் காலைப் பார்த்தாள். "சிஸ்டரம்மா, மீரு இக்கடே உண்டண்டி," நீங்கள் இங்கேயே இருங்கள், நான் போகிறேன் என்றாள். "போ, முன்னாடி ஓடு" என்றேன். அவள் இரண்டு இரண்டு படியாக ஏறினாள். நான் பின்னாலேயே ஏறினேன். முதல் மாடிவரை நடந்தேன். அதற்கு மேல் உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கம் நகர்ந்து ஏறினேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். மூன்றாவது மாடியில் இருக்கும்போது மேலேயிருந்து யாதம்மா கத்தினாள்: "நூட்ட அறவை, நூட்ட பதி!" நூற்று அறுபது, நூற்றுப் பத்து.

நஸ்ரீன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முகம் உப்பிப் போய்க் கண் சிறுத்திருந்தது. மோதிரத்தை நூல் சுற்றித்தான் கழற்றியிருக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் கூசுகிறது என்று போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எத்தனை நாளாகத் தலைவலி என்று கேட்டேன். மூன்று நாளாம்.

"நேத்து நான் கீழேயிருந்து கேட்டேனே!" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மாமியார்தான் பதில் சொன்னாள். அழுதுகொண்டே உருதுவில் சொன்னாள். "நானும் கேட்டேன், ஏன் ஆன்ட்டி கிட்ட சொல்லலன்னு. சொன்னா ஏறி வருவாங்க, அவங்க குட்னே எப்படி வலிக்குது தெரியுமா, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு சொல்லிட்டா."

ஊருக்கெல்லாம் மறைத்த முட்டி வலி, பார்த்து இரக்கப்பட வேண்டாத ஒருத்தியின் கண்ணில் பட்டு, அவள் உயிர்மேலே வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான். அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். எண்ணைச் சொன்னேன். "நேற்று நூற்று இருபத்து நாலு என்றீர்களே" என்றார்.

"நேற்று நான் பார்க்கவில்லை மேடம்."

பிறகு, "பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லிவிடுகிறேன், இறக்குங்கள்" என்றார்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, கீழ்வீட்டு ஆண்கள் நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். யாதம்மா பக்கத்திலேயே இறங்கினாள். நான் மேலேயே நின்றேன். இறங்க முடியவில்லை. முதல் திருப்பத்தில் நஸ்ரீன் தலையைத் தூக்கி, "ஆன்ட்டி, ஆஹிஸ்தா" என்றாள். மெல்ல இறங்குங்கள் என்று எனக்குச் சொல்கிறாள். ஆட்டோ கிளம்பிய சத்தம் கேட்டது. நான் அந்தப் படியில் உட்கார்ந்து, கெட்ட காலை முன்னால் வைத்து, ஒவ்வொன்றாக இறங்கினேன். அறுபத்தெட்டாவது படியில் கால் வைத்தபோது யாதம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வலிப்பு வந்துவிட்டது என்றாள்.

அவள் பிழைத்தாள். மத்தியானமே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் கிடந்து அதுவும் தேறியது. ஆனால் அவள் பிழைப்பாளா என்று தெரியாத இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, நினைவில்லை. வீட்டில் போன் மணி அடித்தால் வீட்டுக்காரரைத்தான் எடுக்கச் சொல்வேன்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டார். மேஜைமேல் பதிவேடு, அந்த வரிக்குக் கீழே ஸ்கேல். பச்சைப் பேனாவை என்னிடம் நீட்டினார். "அடித்துவிட்டு, பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்." போட்டேன். மெமோ வரும் என்றார். தலையாட்டினேன். பிறகு எழுந்து வந்து, என் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து, "முட்டியைக் காட்டுங்கள்" என்றார். பட்டையை அவரே அவிழ்த்தார். வீங்கிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். எத்தனை வருடமாக என்று கேட்டார். ஆறு என்றேன்.

"ஆறு வருடமாக தினமும் உங்களைப் பார்க்கிறேன்" என்று முனகினார். "நானும் சரியாகப் பார்க்கவில்லை."

மெமோ வந்தது. மாடி வீடுகளை யாதம்மாவும் இன்னொரு சின்னப் பெண்ணும் பார்க்க, நான் கீழ்த்தள வீடுகளையும் நிலையத்துத் தடுப்பூசி நாளையும் பார்த்தேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் பட்டியல் வந்ததும் முதல் ஆளாகப் போய் என் பெயரைத் தேடினேன். பெயர் இருந்தது. எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை, டாக்டரம்மாவும் சொல்லவில்லை. நஸ்ரீனின் மாமியார் அந்தப் படிக்கட்டில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தாள். இன்னும் இருக்கிறதாம்.

இப்போது நானே இரண்டாவது மாடியில் இருக்கிறேன். முப்பத்து நாலு படி. கொண்டாப்பூரில் லிஃப்ட் வைத்த வீட்டுக்கு வரச் சொல்லி மகள் கூப்பிடுகிறாள். இவர் இந்தப் பேட்டையை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். எனக்கு பி.பி. மாத்திரை உண்டு. மாதம் ஒரு தடவை வந்து பார்ப்பது யாதம்மாதான். அவளுக்கும் இப்போது ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது. போன தடவை வந்தபோது, இறங்கும்போது எந்தக் காலை முன்னால் வைக்கிறாள் என்று வாசலில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு படிக்கும் இடது காலைத்தான் முதலில் வைத்தாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

இன்று காலை எழுந்தபோது எனக்குத் தலை சுற்றியது. பின்மண்டையில் வலி. மாத்திரை போட்டிருக்கிறோமே, சரியாகிவிடும் என்று இருந்தேன். பத்து மணிக்குத் தெருவிலிருந்து யாதம்மாவின் குரல் வந்தது.

"சிஸ்டரம்மா! பாகுன்னாரா?"

நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கிறாள். பால்கனிக்கு வந்தேன். வெயிலில் பையோடு நின்றாள். ஒரு கையால் முட்டியைப் பிடித்திருந்தாள், நான் பார்க்கிறேன் என்றதும் கையை எடுத்தாள். நக்கோ யாதம்மா, ஏறாதே, நன்றாகத்தான் இருக்கிறேன் என்பது தொண்டைவரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வருகிறது!

"பாகலேது," நன்றாக இல்லை என்றேன். "தலை வலிக்குது. பைகி ரா யாதம்மா, மேலே வா."

திருப்பத்தில் ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணினேன். ஒன்பது படி, நின்றாள். பதினேழில் ஸ்டூல் கிறீச்சிட்டது. அங்கே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபடியும் காலடி. வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே என் கையில் பி.பி. பட்டையைச் சுற்றினாள். அழுத்தினாள், விட்டாள். மறுபடியும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

நூற்று எழுபத்து நாலு, நூற்று நாலு. என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, அதை அப்படியே எழுதினாள்.